கோனில் ஓடும் அந்தக் கோடு விரிசல் அல்ல

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் மூடப்பட்ட ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தின் சாமான்களை விற்றபோது யமஹா என்எஸ்-10எம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன். வெள்ளை கோன் இரண்டும் பழுப்பேறிக் கிடக்கின்றன. இரண்டிலுமே நடுவிலிருந்து ஓரம்வரை மெல்லிய விரிசல் போல ஒரு கோடு ஓடுகிறது. இடது பெட்டியில் ட்வீட்டர் பேசவில்லை. வலது பெட்டியின் வூஃபர் சில பாட்டுகளுக்கு மட்டும் கரகரக்கிறது. நான் வங்கி ஊழியன். சால்டரிங் ஓரளவு வரும், மல்டிமீட்டர் இருக்கிறது. இங்கே ரீகோன் செய்பவர், “கோன், சரவுண்டு, கெபாசிட்டர் எல்லாத்தையும் மாத்திடலாம் சார், புதுசைவிட நல்லா பாடும்” என்கிறார். கொடுக்கலாமா? இல்லை, விரிசலுக்கு ஃபெவிகால் தடவி, கோனுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து நானே சமாளிக்கலாமா? இன்னொன்று. நண்பர் ஒருவரிடம் ஜேபிஎல் 4430 ஜோடி இருக்கிறது. அதன் வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் தொட்டாலே தூளாகக் கொட்டுகிறது. அதையும் நாங்களே சரிசெய்ய முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் ஃபெவிகாலை மூடி வையுங்கள். பெயின்ட் டப்பாவை வீட்டைவிட்டே அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் பார்த்த கோடு விரிசல் அல்ல, ஒட்டு. பெரும்பாலான காகித கோன்கள் கூழை அச்சில் வார்த்து அழுத்திச் செய்யப்பட்டவை; அவற்றில் ஒட்டு இருக்காது. என்எஸ்-10எம் கோன் வேறு மாதிரி. தட்டையான காகிதத் தாளை வெட்டி, சுருட்டி, இரு ஓரங்களையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சேர்க்கைதான் நடுவிலிருந்து ஓரம்வரை கோடாகத் தெரிகிறது. இரண்டு வூஃபரிலும் அது இருப்பது நல்ல சேதி. யாரோ வேறு கோன் போட்டு ஏமாற்றவில்லை என்பதற்கு அடையாளம் அது. கோட்டின் மேல் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஒட்டு எங்காவது பிரிந்து எழும்பியிருந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

பழுப்பு நிறத்தால் ஒலிக்கு ஒரு கேடும் இல்லை. பெயின்ட் அடித்தால் கேடு உண்டு. கோனின் எடை சில கிராம் கூடினாலே அது அதிரும் விதம் மாறும்: ஒத்ததிர்வு அலைவெண் கீழே இறங்கும், சத்தம் குறையும், நடுப்பகுதி ஒலியின் குணமே வேறாகிவிடும். இரண்டு கோனுக்கும் ஒரே அளவு பெயின்டை நாம் அடிக்கப்போவதும் இல்லை. ஈரத்துணியால் துடைப்பதும் வேண்டாம். ஓவியம் தீட்டும் மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், போதும்.

ரீகோன்காரர் சொன்னதற்கு வருவோம். அவரைக் குறை சொல்லமாட்டேன். மைக் செட் வைத்திருப்பவர்கள் திருவிழாவுக்கு முன்னால் கொண்டுவந்து இறக்கும் ஸ்பீக்கர்களுக்கு ஒரே இரவில் உயிர் கொடுக்கிறவர் அவர். அங்கே வேண்டியது சத்தம்; அளவில் பொருந்துகிற காயிலும் கோனும் இருந்தால் வேலை முடிந்தது. ஒலிப்பதிவுக் கூடத்து மானிட்டரில் கணக்கு வேறு. இடதும் வலதும் ஒன்றுபோல ஒலிக்க வேண்டும். இரண்டும் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது ஒலித்தது போல ஒலிக்க வேண்டும். “புதுசைவிட நல்லா பாடும்” என்பது இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை பழுது என்றே பொருள்.

காரணம் இந்தப் பெட்டியின் கதையிலேயே இருக்கிறது. 1978இல் யமஹா இதை வீட்டுக்கான ஹை-ஃபை ஸ்பீக்கராகத்தான் வெளியிட்டது. வடிவமைத்தவர் அகிரா நகமுரா. 18 சென்டிமீட்டர் வூஃபர், 3.5 சென்டிமீட்டர் மென்குமிழ் ட்வீட்டர், துளையே இல்லாத சுமார் 10 லிட்டர் மூடிய பெட்டி. வீடுகளில் எடுபடவில்லை. அடித்தள ஒலி மெலிவு, நடு அலைவெண்களில் ஒரு மேடு. கேட்டுக்கொண்டே இருந்தால் காது களைத்துப்போகும். ஆனால் அந்த மேடுதான் கலவைப் பொறியாளர்களுக்குப் பிடித்துப்போனது. பாடுபவரின் குரலும் கிதாரும் மோதும் இடம் அதுதான். அங்கே ஒரு பிசிறு இருந்தால் இந்தப் பெட்டி மறைக்காமல் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்கக் கலவைப் பொறியாளர் பாப் கிளியர்மவுன்டன் இதைப் பயன்படுத்தத் தொடங்கியதும் மற்றவர்களும் வாங்கினார்கள். ட்வீட்டரின் கூர்மை தாங்காமல் அதன்மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டுகிற பழக்கமும் அவர் பெயரோடுதான் சேர்ந்து வழங்குகிறது. உங்கள் ட்வீட்டரைச் சுற்றிப் பழைய செலோடேப் பிசின் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

2001இல் பிலிப் நியூவெல், கீத் ஹாலண்ட் குழுவினர் பிரிட்டனின் ஒலியியல் கழகக் கருத்தரங்கில் இந்த ஸ்பீக்கரைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை படித்தார்கள். பல மானிட்டர்களை அளந்து ஒப்பிட்டதில், மின்சமிக்ஞை நின்றதும் இது மற்றவற்றைவிட விரைவாக அடங்குகிறது, திரிபும் குறைவு என்று தெரியவந்தது. துளையில்லாத பெட்டிக்கு இதில் பெரிய பங்கு. ஆக, பெட்டியில் காற்று கசிந்தாலோ கோன் கனத்தாலோ நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குணமே போய்விடும். அதே 2001இல் யமஹா தயாரிப்பை நிறுத்தியதற்குச் சொன்ன காரணமும் கோனைப் பற்றியதுதான்: அந்தக் காகிதத்துக்கான மரக்கூழ் இனிக் கிடைக்கவில்லை. உங்களிடம் இருக்கும் அந்தப் பழுப்புத் தாள் திரும்பச் செய்ய முடியாத பொருள். ரீகோன் கடைக் குப்பைக்கூடைக்கு அது போகலாமா?

இனி வேலை. இடது ட்வீட்டரிலிருந்து தொடங்குங்கள்.

ஆம்பிளிஃபயரில் இடது, வலது வயர்களை மாற்றிச் செருகிப் பாருங்கள். பழுது பெட்டியோடு போகிறதா, ஆம்பிளிஃபயரிலேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். அற்பமான சோதனை; ஆனால் இதைச் செய்யாமல் பெட்டியைப் பிரித்தவர்கள் ஏராளம். பெட்டியில்தான் பழுது என்றால் ட்வீட்டரைக் கழற்றுங்கள். பவர் ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், கையால்தான். காந்தம் ஸ்க்ரூடிரைவரை விசுக்கென்று இழுத்துக்கொள்ளும். நுனி நேராகக் கோனில் போய்க் குத்தும். இடது உள்ளங்கையைக் கோனுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் தடுப்பாக வைத்துக்கொண்டு திருகுங்கள். கனமான அட்டையை வெட்டி மூடிக்கொண்டால் இன்னும் நல்லது.

மல்டிமீட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெட்டிக்குப் பின்னால் உள்ள முனைகளில் வைத்தால் வூஃபரின் அளவு மட்டுமே தெரியும். ட்வீட்டருக்குப் போகும் வழியில் கெபாசிட்டர் குறுக்கே நிற்பதால் மீட்டரின் மின்சாரம் அங்கே போகாது. சரி என்று ட்வீட்டரின் முனைகளிலேயே வைத்தால் வேறொரு ஏமாற்று: ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரில் ட்வீட்டருக்கு இணையாக ஒரு காயில் இருந்தால், செத்த ட்வீட்டரும் ஓரிரு ஓம் காட்டி உயிரோடு இருப்பது போல நடிக்கும். அதனால் ஒரு வயரையாவது கழற்றிவிட்டு அளக்க வேண்டும். 8 ஓம் ட்வீட்டர் என்றால் மீட்டரில் 6 ஓம் அருகே காட்டும். வலது ட்வீட்டரையும் அளந்து எண்ணை எழுதிவையுங்கள். இடது எதுவுமே காட்டாவிட்டால் சுற்று அறுந்திருக்கிறது.

அறுந்தது எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. வெளிமுனையிலிருந்து காயிலுக்குப் போகும் மெல்லிய கம்பி, சால்டர் செய்த இடத்தில் விட்டுப்போயிருக்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அங்கே என்றால் ஒரு துளி சால்டரில் பிழைத்துக்கொள்ளும். சால்டரிங் அயர்னை அங்கே அதிக நேரம் வைக்காதீர்கள், குமிழின் ஒட்டு உருகும். காயிலே கருகியிருந்தால் அந்த டயஃப்ரம் முடிந்தது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ட்வீட்டர் சாகும் விதங்கள் பல. மைக் சுழற்சியில் எழும் கீச்சொலி ஒன்று. டேப்பை வேகமாகச் சுற்றும்போது ஃபேடரை இறக்க மறப்பது இன்னொன்று. கொடியது, போதாத ஆம்பிளிஃபயரைத் திணறத் திணற முறுக்குவது. திணறும் ஆம்பிளிஃபயர் அலையின் தலையை வெட்டுகிறது. அடித்தள ஒலிக்கு அதற்குமேல் ஏற வழியில்லை. மேல் அலைவெண்களின் பங்கு மட்டும் கூடிக்கொண்டே போகிறது, கூடவே வெட்டலால் பிறக்கும் புதிய அலைவெண்களும் சேர்கின்றன. அத்தனையும் தலைமுடி போன்ற ட்வீட்டர் காயிலுக்குத்தான் போய்ச் சேரும்.

மாற்று ட்வீட்டர் வாங்கும்போது மாடலைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள். வீட்டுக்கென வந்த முதல் என்எஸ்-10எம்மின் எழுத்துகள் பெட்டியை நிற்கவைத்தால் நேராகப் படிக்கும்படி இருக்கும்; 1987இல் வந்த ஸ்டுடியோ மாடலின் எழுத்துகள் பெட்டியைப் படுக்கவைத்தால் நேராக வரும். ஸ்டுடியோ மாடலில் ட்வீட்டரின் கூர்மையைக் குறைத்திருந்தார்கள். இரண்டையும் கலந்து போட்டால் இடது காதுக்கு ஒரு பாட்டு, வலது காதுக்கு வேறு பாட்டு. அசல் கிடைக்காவிட்டால், அவன்டோன் நிறுவனம் இந்த மாடலுக்கென்றே வூஃபரும் ட்வீட்டரும் தனித்தனியாகச் செய்து விற்கிறது. அப்படி வாங்குவதென்றால் இரண்டு பக்கத்துக்கும் வாங்குங்கள். நன்றாக இருக்கும் வலது அசல் ட்வீட்டரைத் தூக்கி எறியாதீர்கள். ஜோடி தேடும் இன்னொருவருக்கு அது தங்கம்.

வலது வூஃபரின் கரகரப்பு. சில பாட்டுகளுக்கு மட்டும் வருகிறது என்கிறீர்கள். அது எந்த அலைவெண் என்று பிடிக்க வேண்டும். அலைபேசியில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி, சத்தத்தைக் குறைத்தே வைத்துக்கொண்டு, 30 ஹெர்ட்ஸிலிருந்து 500 வரை மெல்ல நகர்த்துங்கள். கரகரப்பு வரும் இடத்தில் நிறுத்தி, ஒரு விரலால் கோனின் நடுவில் உள்ள டஸ்ட் கேப்பின் ஓரத்தை லேசாகத் தொடுங்கள், பிறகு ஸ்க்ரூ தலைகளை, பிறகு கிரில்லை. தொட்டதும் ஓசை நின்றால் குற்றவாளி அங்கேதான். பலமுறை இது வெறும் தளர்ந்த ஸ்க்ரூவாகவோ, முனையிலிருந்து கோனுக்குப் போகும் டின்சல் வயர் அதன் பின்பக்கத்தில் தட்டுவதாகவோதான் முடியும். உஸ்ஸென்ற காற்றுச் சத்தம் கலந்திருந்தால் கேஸ்கெட் கசிகிறது.

இவை எதுவும் இல்லையென்றால் காயில் உரசுகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கோனின் எதிரெதிர் பக்கங்களில் விரல்களைப் பரப்பி, சமமாக, மில்லிமீட்டர் கணக்கில் உள்ளே தள்ளுங்கள். காதைக் கிட்டே வையுங்கள். மணல்தாள் தேய்வது போலக் கேட்டால் காயில் காந்த இடைவெளியின் சுவரில் உரசுகிறது. கீழே விழுந்து பிரேம் வளைந்திருக்கலாம். அதிகச் சூட்டில் காயிலின் சுற்று தளர்ந்திருக்கலாம். அந்த நிலையில் ரீகோன் ஒன்றுதான் வழி என்பார்கள். நான் முதலில் இன்னொரு அசல் வூஃபரைத் தேடச் சொல்வேன்.

சரவுண்டை மாற்ற வேண்டுமா? வேண்டாம். என்எஸ்-10எம்மின் ஓர வளையம் தூளாகும் ஃபோம் வகையைச் சேர்ந்தது அல்ல. கிழியாதவரை கைவைக்காதீர்கள்.

கெபாசிட்டர் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு: பார்த்தவுடன் மாற்று என்பார் ஒருவர், தொடவே கூடாது என்பார் மற்றவர். அளந்து பார்ப்பவன் கட்சி என்னுடையது. ஒரு காலை மட்டும் சால்டரிலிருந்து விடுவித்து, எல்சிஆர் மீட்டரில் வையுங்கள். சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ சிறிய மீட்டர் மலிவாகவே கிடைக்கிறது. ஃபிலிம் வகை கெபாசிட்டர் ஏறக்குறைய வாழ்நாள் முழுக்க நிலையாக நிற்கும். பைபோலார் எலக்ட்ரோலைட்டிக் வகைதான் வயதாக வயதாக நகரும். கெபாசிட்டரின் மேல் எழுதியுள்ள அளவிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் மாற்றலாம். இடதுக்கும் வலதுக்கும் ஒரே நேரத்தில், மீட்டரில் ஒரே எண் காட்டுகிற ஜோடியாகப் பொறுக்கி எடுத்து. விலை உயர்ந்த ஃபிலிம் கெபாசிட்டரை எலக்ட்ரோலைட்டிக் இருந்த இடத்தில் போட்டால் ‘திரை விலகியது போல இருக்கிறது’ என்று மகிழ்வார்கள். பெரும்பாலும் அது திரை விலகியதல்ல. பழையதின் உள்தடை போய்விட்டதால் ட்வீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் கத்துகிறது. என்எஸ்-10எம் ஏற்கெனவே கத்துகிற ஜாதி. மாற்றினால் அதே பைபோலார் வகையைப் போடுங்கள், அல்லது ஃபிலிமோடு தொடராக ஒரு சிறு ரெசிஸ்டர் சேர்த்துப் பழைய உள்தடையை ஈடுகட்டுங்கள்.

எல்லாம் மாட்டியபின் கசிவுச் சோதனை. வூஃபரை மெல்ல உள்ளே அழுத்தி, கொஞ்சம் பிடித்து, விடுங்கள். பெட்டி இறுக்கமாக இருந்தால் அழுத்தும்போதே காற்றின் எதிர்ப்பு விரலில் தெரியும். இரண்டு பெட்டியிலும் அது ஒன்றுபோல இருக்க வேண்டும். பழைய கேஸ்கெட் நசுங்கிப் போயிருந்தால் மெல்லிய மூடிய செல் ஃபோம் டேப் ஒட்டுங்கள். சிலிக்கோன் பசை போட்டு நிரந்தரமாக அடைத்துவிட்டால் அடுத்த முறை திறப்பவர் உங்களைச் சபிப்பார். உள்ளே திணித்திருக்கும் பஞ்சு பழைய பெட்டிகளில் பெரும்பாலும் கண்ணாடி நார்தான். கையுறை, முகக்கவசம் இல்லாமல் அதை அளையாதீர்கள், எடுத்த அளவு அப்படியே திரும்பப் போக வேண்டும்.

இப்போது உங்கள் நண்பரின் 4430. அவரிடம் உடனே சொல்லுங்கள்: இனி அதைப் போட்டுக் கேட்க வேண்டாம். வளையம் போன வூஃபரில் கோனை மையத்தில் பிடிக்க அதன் கழுத்தைத் தாங்கும் ஸ்பைடர் மட்டும்தான் மிச்சம். ஒலிக்க ஒலிக்கக் காயில் கோணலாக ஆடி உரசத் தொடங்கும். வளையத்தோடு முடிகிற செலவு காயில்வரை போய்விடும்.

1980களின் தொடக்கத்தில் வந்த பெரிய மானிட்டர் அது. 15 அங்குல 2235எச் வூஃபர், மேலே இரட்டை உதடு போன்ற ஹார்ன். அந்த வூஃபரின் சரவுண்டு பாலியூரித்தேன் ஃபோம். காற்றின் ஈரம் அந்தப் பொருளின் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். பயன்படுத்தாமல் பெட்டியோடு வைத்திருந்தாலும் பதினைந்து, இருபது ஆண்டில் உதிரும். கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். எனவே அது யாருடைய தவறும் அல்ல. இதை நீங்களே மாற்றலாம். பொறுமை இருந்தால் ஒரு வாரக் கடைசி வேலை.

வளையத்தை ‘15 இன்ச்’ என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். 2235எச்சுக்கென்று விற்கப்படுவதையே கேளுங்கள். இந்த வூஃபர் காற்றில் 20 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்வது. இதற்கென்று கோனின் கழுத்தில் எடை வளையமே வைத்திருக்கிறார்கள். மேடைப் பெட்டிகளுக்கான விறைத்த வளையத்தையோ துணி வளையத்தையோ போட்டால் அந்த ஆழம் மேலேறிவிடும்.

பழைய ஃபோம் உதிர்ந்தாலும் பசை கோனின் ஓரத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, கொஞ்சம் ஊறவிட்டு, விரல் நகத்தாலோ ஐஸ்க்ரீம் குச்சியாலோ சுருட்டிச் சுருட்டி எடுங்கள். காகிதம் நனைந்து தளரும் அளவுக்கு ஊற்றக் கூடாது. ஒரு கோனுக்கே ஒரு மாலை போய்விடும்; அவசரப்பட்டுக் கத்தியை எடுத்தால் கோன் ஓரம் கிழியும். பிரேமின் பக்கம் மட்டும் கத்தி போகலாம். காந்த இடைவெளிக்குள் தூள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

பசையில், காய்வதற்குள் நகர்த்த முடிகிற வெள்ளைப் பசை வேண்டும். தண்ணீரில் கரைந்து, காய்ந்தால் நிறமற்றுப் போகிற வகை. தொட்டவுடன் பிடிக்கும் ரப்பர் பசை வேண்டாம், மையம் பார்க்க நேரம் தராது. முதலில் வளையத்தைக் கோனில் மட்டும் ஒட்டி, சுற்றிலும் விரலால் அழுத்திக்கொண்டே வந்து, முழுக்கக் காயவிடுங்கள். பிரேமில் ஒட்டுவது அதன்பிறகு.

மையம் பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர். டஸ்ட் கேப்பை வெட்டி எடுத்து, காயிலைச் சுற்றி மெல்லிய ஷிம் துண்டுகளைச் செருகி நிறுத்துவது ஒரு முறை. ஸ்பைடர் தொய்யாமல் இருந்தால் நான் டஸ்ட் கேப்பைத் தொடமாட்டேன். பிரேமில் பசை ஈரமாக இருக்கும்போதே வூஃபரை ஆம்பிளிஃபயரில் இணைத்து, 25 ஹெர்ட்ஸ் அலையை மிகக் குறைந்த அளவில் ஓடவிடுங்கள். கோன் மூச்சுவிடுவது தெரியும் அளவு போதும். எங்காவது உரசினால் சுர்சுர் என்று கேட்கும். வளையத்தின் ஓரத்தை ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் தள்ளுங்கள், கூடினால் எதிர்ப்பக்கம். சத்தம் அறவே நின்ற இடத்தில் துணி உலர்த்தும் கிளிப்புகளைச் சுற்றிலும் மாட்டி, மறுபடி ஒருமுறை கேட்டு உறுதிசெய்து, ஒருநாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். பெட்டியில் திரும்ப மாட்டும்போது, முன்பு மேலே இருந்த பக்கம் கீழே வரும்படி வூஃபரை 180 டிகிரி திருப்பி மாட்டுங்கள். பல்லாண்டு செங்குத்தாக நின்ற கனமான கோன் ஸ்பைடரைக் கீழ்நோக்கி இழுத்திருக்கும். திருப்பினால் அது சரிப்படும்.

ஒரு எச்சரிக்கை. பேட்டரி வைத்துத் துருவம் பார்ப்பீர்கள். மற்ற ஸ்பீக்கர்களில் சிவப்பு முனைக்கு பிளஸ் கொடுத்தால் கோன் வெளியே வரும். அக்காலத்து ஜேபிஎல் தொழில்முறை வூஃபர்களில் உள்ளே போகும். பழுதென்று நினைத்து வயரை மாற்றிவிடாதீர்கள். கழற்றும் முன் எந்த வயர் எங்கே இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது. ட்வீட்டருக்கோ ஹார்ன் டிரைவருக்கோ பேட்டரிச் சோதனை வேண்டாம்.

முடிந்தபின் காதை மட்டும் நம்ப வேண்டாம். அளவுத்திருத்தம் செய்த யுஎஸ்பி மைக் ஒன்றும், ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும் போதும். ஒரு பெட்டியை ஸ்டூலில் வைத்து, தரையில் சாக்பீஸால் குறியிட்டு அளங்கள். அதை எடுத்துவிட்டு மற்றதை அதே குறியில் வைத்து அளங்கள். மைக்கும் வால்யூமும் அசையக் கூடாது. இரண்டு கோடுகளும் பெரும்பகுதியில் ஒரு டெசிபலுக்குள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் உங்கள் ஜோடி ஜோடிதான். என்எஸ்-10எம்மின் நடு மேட்டைப் பார்த்துவிட்டு ஈக்வலைசரைத் தேடாதீர்கள். அது அங்கேதான் இருக்க வேண்டும்.

ஆம்பிளிஃபயர் எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தலை வெட்டாமல் 60, 80 வாட் தருகிற ஏதாவது ஒரு நல்ல பழைய இன்டகிரேட்டட் போதும். புதிய ட்வீட்டர் மாட்டிய முதல் நாளே நண்பர்களைக் கூட்டி வால்யூமைத் திருக வேண்டாம்.